போகிக்கு முன் பரணில் பாருங்கள்: பழைய கேம் கேசட்டின் விலை எங்கே இருக்கிறது

போகிக்கு முந்தின வாரம் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பரண் காலியாகும். சத்துவாச்சாரியோ தோட்டப்பாளையமோ காட்பாடியோ, காயலான் கடைத் தராசில் ஏறுகிற மூட்டையில் ஓடாத டேப் ரெக்கார்டர், ஒயர் அறுந்த மிக்ஸி இவற்றோடு நாலைந்து பிளாஸ்டிக் கேசட்டும் கிடக்கும். டிவி கேம் கேசட். தராசுக்கு எல்லாம் ஒரே பிளாஸ்டிக்தான். பெரும்பாலும் தராசு சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் எப்போதாவது அந்த நாலைந்தில் ஒன்று ஒரு மாத வீட்டு வாடகையைத் தரக்கூடியதாக இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

கேசட் என்று சொன்னாலும் உள்ளே டேப் எதுவும் கிடையாது. ஒரு சின்ன போர்டு, அதில் விளையாட்டு எழுதப்பட்ட ரோம் ஐ.சி., அடியில் தங்க முலாம் பூசிய கால்கள். சிலவற்றில் ஒரு பேட்டரி. வெளிநாட்டில் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். நம் ஊரில் கேசட் என்று சொல்லிப் பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

பழசு என்பதற்காக யாரும் காசு தருவதில்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-இல் வந்தது. உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. அதன் அமெரிக்க கேசட்டை, பெட்டி இல்லாமல், இன்றும் அங்கே ஓர் ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கலாம். நாற்பது வயது ஆகியும் விலை ஏறாததற்குக் காரணம், எல்லா வீட்டிலும் ஒன்று இருப்பதுதான். அதே விளையாட்டு, கடையில் வாங்கிய உறைகூடப் பிரிக்காத ஒரு பிரதி, 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 6.6 லட்சம் டாலருக்குப் போனது. அதே ஆண்டு ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலர். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர் பரண் ஏறுகிறார்கள். அது வேறு உலகம். கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, 10-க்கு 9.8 என்று மதிப்பெண் போட்டு, யாரும் விளையாடப் போகாத பொருளுக்கு முதலீட்டாளர்கள் கேட்ட விலை. நம் பரணில் கிடப்பது பையன்கள் ஊதி ஊதிச் செருகிய கேசட். அதன் கணக்கு தனி.

60 கால் கேசட்

வட ஆற்காட்டு வீடுகளில் இறங்குவதில் பத்துக்கு ஒன்பது இந்த வகை. 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபாமிகாம் மிஷினைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் அடித்த நகல்கள், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று விதவிதமான பெயரில் இங்கே வந்தன. அவற்றுக்கான கேசட்டில் 60 கால். அதே மிஷினை நிண்டெண்டோ அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்றது; அதன் கேசட்டில் 72 கால், உருவமும் பெரிது. காண்ட்ரா, ரோட் ஃபைட்டர், டேங்க் என்று நாம் சொன்ன பேட்டில் சிட்டி, சர்க்கஸ் சார்லி எல்லாம் நமக்கு இந்த 60 கால் கேசட்டில்தான் அறிமுகம்.

மேல் மூடியைத் திறந்து பாருங்கள். போர்டின் நடுவில் கருப்பு மெழுகு சொட்டியதுபோல ஒரு பொட்டு இருந்தால் அது பெரும்பாலும் நகல். ஐ.சி.யைத் தனி உறையில் போடாமல் நேரடியாக போர்டில் ஒட்டி, மேலே எபாக்ஸி ஊற்றுவது செலவு குறைந்த வழி. ‘99999 இன் 1’ என்று ஸ்டிக்கர் இருந்தாலும் உள்ளே இருப்பது பத்துப் பதினைந்து விளையாட்டு. அதையே இரண்டாவது கட்டத்திலிருந்து, மூன்றாவது கட்டத்திலிருந்து என்று மாற்றி மாற்றி மெனுவில் அடுக்கியிருப்பார்கள். இப்படி அடைக்க முடிந்ததற்குக் காரணம், ஆரம்ப கால விளையாட்டுகள் மிகச் சிறியவை. சூப்பர் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். இன்று ஒரு வாட்ஸ்அப் புகைப்படம் அதைவிடப் பெரிது.

இந்தக் கேசட்டுக்கு விலை இல்லாததற்கு நகல் என்ற இழிவு மட்டும் காரணமில்லை. இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருளின் பழைய பிரதிக்கு யார் அதிகம் தருவார்? நல்ல நிலையில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள், விற்க அலைய வேண்டாம். மிஷின், இரண்டு கன்ட்ரோலர், துப்பாக்கி, இந்தியாவில் அச்சிட்ட அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து இருந்தால் மட்டும் கதை கொஞ்சம் மாறும். நகல் மிஷின்களையே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பெட்டியும் அதில் உள்ள ஊர்ப்பெயரும்தான்.

பொட்டுக்குப் பதிலாக இரு பக்கமும் கால் முளைத்த தனித்தனி ஐ.சி.க்கள், போர்டில் ‘எச்.வி.சி.’ என்று தொடங்கும் எண், நிண்டெண்டோ பெயர், ஸ்டிக்கரில் ஜப்பானிய எழுத்து என்று இருந்தால் அது அசல் ஃபாமிகாம் கேசட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கொனாமி, நாம்கோ போன்றவர்கள் தங்கள் போர்டையே பயன்படுத்தியதும் உண்டு, அதனால் நிண்டெண்டோ பெயர் இல்லை என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த அசல் கேசட் நம் நகல் மிஷினிலும் பொருந்தும். ஆனால் நம் மிஷின் ‘பால்’ (PAL) என்ற நம் நாட்டு டிவி முறைக்காகச் செய்தது, நொடிக்கு 50 காட்சி. ஜப்பானிய விளையாட்டு 60-க்காக எழுதப்பட்டது. ஓட்டம் ஆறில் ஒரு பங்கு மந்தமாகத் தெரியும். கேசட் பழுது என்று நினைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விலையை எது ஏற்றுகிறது

பந்தயத் தட விளையாட்டு ஒன்றைச் சொன்னால் எளிதாகப் புரியும். 1987-இல் பண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் ஸ்டேடியம் ஈவன்ட்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. தரையில் விரித்து மேலே ஓடுகிற பாயோடு ஆடுவது. கொஞ்ச காலத்திலேயே அந்தப் பாயின் உரிமையை நிண்டெண்டோ வாங்கிக்கொண்டது, பழைய பெயரில் இருந்தவை கடைகளிலிருந்து திரும்பப் போயின. அதே விளையாட்டு வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட் என்ற பெயரில் மறுபடி வந்து ஏராளமாக விற்றது. இன்று முதல் பெயர் உள்ள கேசட் ஆயிரக்கணக்கான டாலர். இரண்டாவது பெயர் உள்ளது சில டாலர். திரையில் ஓடுவது ஏறக்குறைய ஒன்றே. காசு ஸ்டிக்கருக்குத்தான்.

அபூர்வம் இன்னொரு வழியிலும் வரும். ஒரு மிஷினின் ஆயுள் முடிகிற காலத்தில் வெளியாகும் விளையாட்டுகள் குறைவாகவே அச்சாகும். டைட்டோ வெளியிட்ட லிட்டில் சாம்சன் 1992-இல் என்.இ.எஸ்.-க்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கக் கடைகளில் அடுத்த தலைமுறை மிஷின் வந்துவிட்டது. பழைய மிஷினுக்குப் புதிய கேசட் வாங்க ஆள் இல்லை. அன்று விற்காமல் போனதால் இன்று ஆயிரம் டாலருக்கும் மேல். கிரிக்கெட், கால்பந்து, கார் பந்தயம் என்று ஆண்டுதோறும் வந்தவை இதற்கு நேர் எதிர். அடுத்த ஆண்டின் பதிப்பு வந்ததும் முந்தையதை யாரும் தொடமாட்டார்கள். பத்துக் கேசட் உள்ள பையில் ஏழு விளையாட்டு வீரர் படம் போட்டதாக இருந்தால் அந்த ஏழையும் மொத்தமாகத் தள்ளிவிடுங்கள்.

ஆனால் அபூர்வம் மட்டும் போதாது. யாருக்கும் வேண்டாத விளையாட்டு உலகத்தில் பத்துப் பிரதிதான் இருந்தாலும் கிடக்கும். தலைகீழாக, கையில் பிடித்து ஆடும் கேம் பாய் மிஷின்களுக்காக வந்து லட்சக்கணக்கில் விற்ற போக்கிமான் கேசட்டுகள் விலை இறங்கவே மாட்டேன் என்கின்றன. எமரால்டு பதிப்பு, கேசட் மட்டும், 100 டாலரைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. விற்க நினைப்பவர் கொஞ்சம், வாங்க நினைப்பவர் ஏராளம். 2005-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது முப்பது. கையில் சம்பளம் இருக்கிறது, சின்ன வயதில் அப்பா வாங்கித் தராத பொருள் ஞாபகத்தில் இருக்கிறது. நிண்டெண்டோவுக்கு முந்தைய அடாரி மிஷின் காலத்துப் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பதுக்கு மேல். அவர்களின் தேடல் அடங்கிவிட்டது, சாதாரண அடாரி கேசட்டுகளின் விலையும் கூடவே அடங்கிவிட்டது. விலை கேசட்டின் வயதைப் பின்தொடர்வதில்லை. அதை விளையாடியவர்களின் வயதைப் பின்தொடர்கிறது.

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்தபோது இந்தத் தேடல் ஒரே மூச்சில் ஏறியது, பிறகு பாதி தணிந்தது. 2023 மார்ச் 27-இல் 3டிஎஸ், வீ யூ என்ற தன் பிற்கால மிஷின்களின் இணையக் கடையில் விற்பனையை நிண்டெண்டோ நிறுத்தியது. அங்கே தரவிறக்கி ஆடலாம் என்றிருந்த வழி மூடியதும் கேசட் வாங்கித்தான் தீர வேண்டும் என்ற நிலைக்குப் பலர் வந்தார்கள்.

அட்டைப்பெட்டி தனிக் கதை. மலையில் மரமில்லை, ஆற்றில் நீரில்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று வேலூரைச் சொல்வார்கள். கேசட் இல்லாத அட்டைப்பெட்டியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஆனால் இதற்கு விலை உண்டு. சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64, கேம் பாய் ஆகிய நிண்டெண்டோ மிஷின்களின் கேசட் பெட்டி மெல்லிய அட்டை. வீட்டுக்கு வந்த அன்றே குப்பைக்குப் போனது. அதனால் பல விளையாட்டுகளுக்குக் காலிப்பெட்டி கேசட்டைவிட அதிக விலை பெறும். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் மிஷினுக்கான கேசட் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது, எல்லோரும் வைத்துக்கொண்டார்கள், எனவே அங்கே பெட்டி இருந்தால் பெரிய கூடுதல் இல்லை. பரணில் கேசட் கிடைத்தால் அதோடு நிறுத்தாதீர்கள். பழைய பாடப்புத்தகக் கட்டுக்குள் கையேடு, பெட்டி, மடித்த போஸ்டர் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வளைகுடாப் பெட்டியில் வந்தவை

வேலூர்ப் பக்கம் நிஜமாகக் காசு உள்ள கேசட் பெரும்பாலும் கடையில் வாங்கியதாக இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், குடியாத்தம் என்று துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போன வீடுகளில், மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டுகள். தீப்பெட்டிக்குக் கொஞ்சம் மேல் அளவு. இவற்றிலும் நகல் மிக அதிகம், அதுவும் போக்கிமானில். அசலா என்று பார்க்கும் வழி இது.

வெளிச்சத்தில் ஸ்டிக்கரைச் சாய்த்துப் பாருங்கள். கேம் பாய் அட்வான்ஸ் அசல் கேசட்டின் ஸ்டிக்கரில் இரண்டு இலக்க எண், சிலவற்றில் கூடவே ஓர் எழுத்து, மையில்லாமல் அழுத்திப் பதிந்திருக்கும். அடுத்து ஸ்டிக்கரின் கீழே உள்ள குறியீடு. எமரால்டு அமெரிக்கப் பதிப்பில் அது ‘ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ’. வேறு விளையாட்டின் குறியீட்டை ஒட்டிய நகல்கள் ஏராளம். கேசட்டின் அடிவாயில் தங்கக் கால்களுக்குச் சற்று மேலே, போர்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்க வேண்டும். ரூபி சிவப்பு, சஃபையர் நீலம், எமரால்டு பச்சை, மூன்றும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். மூன்றிலும் பேட்டரி வெளியிலிருந்தே நிழலாகத் தெரியும். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் அசலில் பேட்டரியே கிடையாது. அவற்றில் பேட்டரி இருந்தால் அது நகல் என்று அங்கேயே முடிவு கட்டலாம்.

எமரால்டைப் போட்டதும் உள்பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால் பயப்பட வேண்டாம், விலையும் பெரிதாகக் குறையாது. இந்த மூன்றிலும் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. சேமித்த ஆட்டம் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது சி.ஆர். 1616 என்ற பொத்தான் பேட்டரி. கோல்டு, சில்வர், கிரிஸ்டல் பதிப்புகள் வேறு மாதிரி. அங்கே சி.ஆர். 2025, அது சேமிப்பையும் கடிகாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்கு முந்தைய பதிப்புகளைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். சூப்பர் நிண்டெண்டோவில் வழக்கமாக சி.ஆர். 2032.

மாற்றுவது பெரிய வேலையில்லை. கேம் பாய், சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 கேசட்டுக்கு 3.8 மி.மீ. கேம் பிட் என்ற தனி ஸ்க்ரூ டிரைவர் முனை, கேம் பாய் அட்வான்ஸுக்கு மூன்று கால் முனை. போர்டில் இருந்தபடியே மல்டிமீட்டரில் பேட்டரியை அளந்து பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றுங்கள். ஈயம் வைப்பதற்கென்றே இரு பக்கமும் காதுபோலத் தகடு வைத்து வரும் பேட்டரியையே வாங்க வேண்டும். சாதாரண பேட்டரி மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் அது வீங்கும், வெடிக்கவும் செய்யும். 25 முதல் 30 வாட் சால்டரிங் அயர்ன், ஒரு காதுக்கு மூன்று நான்கு நொடி, கூட்டல் கழித்தல் பக்கம் மாறாமல். டேப் சுற்றி அழுத்தி வைப்பது வேண்டாம். தபாலில் குலுங்கியதும் தொடர்பு விட்டுப்போய், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். சேமிப்பைப் பேட்டரி சுமக்கும் கேசட்டில் அதைக் கழற்றிய நொடியில் பழைய ஆட்டம் அழியும் என்பதையும் முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். தம்பி இருபது வருடத்துக்கு முன் பிடித்து வைத்த பிகாச்சு போனால் அதற்கு நஷ்ட ஈடு எந்தச் சந்தையிலும் இல்லை.

துடைப்பதும் வைப்பதும்

கேசட் ஓடவில்லை என்றால் பத்தில் எட்டு முறை கால்களில் அழுக்கு. வாயால் ஊதுவது நம் தலைமுறையின் சடங்கு. அதிலிருந்த ஈரம்தான் கால்களைக் கறுக்க வைத்தது. ஓடியதற்குக் காரணம் ஊதியது இல்லை, கழற்றி மறுபடி செருகியதுதான். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, காலின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை. பிறகு இரண்டு நிமிடம் காயவிட்டுச் சோதியுங்கள். கறை போகவில்லை என்றால் மட்டும் வெள்ளை ரப்பரால் மெதுவாக. உப்புத்தாள், கத்தி முனை, பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. முலாம் போனால் அடியில் உள்ள செம்பில் களிம்பு பிடிக்கும், தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

ஸ்டிக்கர் மேல் ஆல்கஹால் படவே கூடாது. விலையில் பெரும் பங்கு அதில்தான் ஒட்டியிருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய பெயர், வாடகைக் கடை எண், கிழிந்த மூலை ஒவ்வொன்றும் விலையை அரித்துவிடும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணோ கான்கிரீட் மாடியின் மேலறையோ அடுப்பாகிவிடும்; பசை இளகி ஸ்டிக்கர் நழுவும், சாம்பல் நிற பிளாஸ்டிக் பழுப்பேறும். அட்டைக்கும் கையேட்டுக்கும் கரையானும் ராமபாணப் பூச்சியும். அதற்காகப் பாச்சை உருண்டை போட்டுவிடாதீர்கள், அந்த ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். ஜிப் பை, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், கீழ்த்தளத்து பீரோ. இது போதும்.

விலை கேட்பதும் விற்பதும்

பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்ன விலைக்குப் படிந்தது என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கேசட் சந்தையில் துண்டு இல்லை. ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டால் கடந்த 90 நாளில் எது எவ்வளவுக்குப் போனது என்று வரிசையாகத் தெரியும். விலைகளைத் தொகுத்துத் தரும் பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் கேசட் மட்டும், பெட்டியும் கையேடும் சேர்ந்தது, உறை பிரிக்காதது என்று மூன்று விலை தனித்தனியாக இருக்கும். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்க யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஐந்தாறு விற்பனையை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளி, நடுவில் உள்ளதைப் பிடியுங்கள். எந்த நாட்டுப் பதிப்பு என்பதும் முக்கியம். திரையில் வரும் எழுத்தைப் படித்து ஆடுகிற விளையாட்டில் ஜப்பானியப் பதிப்பு ஆங்கிலப் பதிப்பைவிட மிகவும் மலிவு.

அந்த நடு விலை உங்கள் கைக்கு வராது. 100 டாலர் என்றால் தளத்தின் பங்கு பத்திலிருந்து பதினைந்து போகும், பணம் மாற்றும் கட்டணம் கொஞ்சம், வெளிநாட்டுத் தபால் தனி. ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடியதால் இங்குள்ளவர் வெளிநாட்டுக்கே விற்க வேண்டியிருக்கிறது. மொத்தமாக வாங்கிச் செல்லும் வியாபாரி பாதி விலை சொன்னால் அது கொள்ளை இல்லை. சோதிப்பது, சுத்தம் செய்வது, மாதக்கணக்கில் வைத்திருப்பது எல்லாம் அவர் தலையில். 20 டாலருக்குக் கீழே உள்ளதை அவரிடமோ, காட்பாடிப் பக்கம் கல்லூரி விடுதிகளில் ரெட்ரோ கேம் தேடுகிற பிள்ளைகளிடமோ கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். அதற்கு மேல் உள்ளதைத் தனித்தனியாக விற்கலாம். ‘20 கேசட் மொத்தம் இவ்வளவு’ என்று போடுவதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒரே ஒரு நல்ல கேசட்டுக்காக மட்டுமே அதை ஒருவர் வாங்குவார், அது எது என்று அவருக்குத் தெரியும்.

படம் ஆறு எடுங்கள்: முன், பின், கால்கள், திறந்த போர்டு, தொடக்கத் திரை, சேமித்து அணைத்து மறுபடி போட்டபின் வரும் திரை. கடைசிப் படம் இருந்தால்தான் விலையைக் குறைக்கச் சொல்லும் பேச்சு பாதியில் நிற்கும். அனுப்பும்போது கேசட்டை முதலில் ஜிப் பையில் போட்டு, பிறகு குமிழி உறையில் இரண்டு சுற்று, பிறகு நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி உள்ள கெட்டி அட்டைப்பெட்டி. குமிழி உறையை நேரடியாக ஸ்டிக்கர் மேல் சுற்றி, செலோடேப்பை இழுத்து ஒட்டிவிட்டால் அந்தப் பக்கம் பிரிக்கும்போது ஸ்டிக்கரும் கூடவே வந்துவிடும்.